நூறாவது இடத்துக்கு ஒரு வேன்: டஸ்டின் பிரவுனும் டென்னிஸின் கீழ்த்தட்டும்

ஜெர்மனியில் ஒரு வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்தால் அது எந்த ஊர் வண்டி என்று முதல் எழுத்துகளே சொல்லிவிடும். அதற்கு அடுத்து வரும் எழுத்தையும் எண்ணையும், கொஞ்சம் கூடுதல் பணம் கட்டினால், நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். செல்லே என்ற ஊரில் பதிவான ஒரு ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேனுக்கு 'சிஇ டிஐ 100' என்று எண் வாங்கினார்கள். சிஇ என்றால் செல்லே. டி என்றால் டஸ்டின். ஐ, அவருடைய அம்மாவின் பெயரில் முதலெழுத்து. 100 என்பது இலக்கு: உலகத் தரவரிசையில் முதல் நூறு பேருக்குள் வர வேண்டும்.

டஸ்டின் பிரவுன் என்றதும் டென்னிஸ் பார்ப்பவர்களுக்கு நினைவுக்கு வருவது நீண்ட சடைமுடியும், 2015இல் விம்பிள்டன் சென்டர் கோர்ட்டில் ரஃபேல் நடாலை அவர் வீழ்த்திய நாளும்தான். அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளில், அந்த வேனில் படுத்து எழுந்து ஊர் ஊராகப் போன காலத்தைப் பற்றியும் எழுதினார்கள். ஆனால் பெரும்பாலும் ஒரு விசித்திரமான துணுக்காக மட்டும். எனக்கு அந்தக் காலம்தான் முக்கியமாகப் படுகிறது. தொழில்முறை டென்னிஸின் கீழ்த்தட்டு எப்படி நடக்கிறது, யாருக்கு அங்கே வழி திறக்கிறது, யாருக்கு மூடுகிறது என்பதை அந்த வேன் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

பிரவுன் பிறந்தது 1984 டிசம்பரில், வடக்கு ஜெர்மனியில் ஹனோவருக்குப் பக்கத்தில் உள்ள செல்லேயில். அப்பா ஜமைக்காக்காரர், அம்மா ஜெர்மானியர். 1996இல் குடும்பம் ஜமைக்காவின் மாண்டேகோ பேக்குக் குடிபெயர்ந்தது. பதினொரு வயதுப் பையன் ஒரு நாட்டின் டென்னிஸ் அமைப்பிலிருந்து முற்றிலும் வேறான இன்னொன்றுக்குள் போய் விழுந்தான். ஜெர்மனியில் சிற்றூரிலும் ஒரு டென்னிஸ் கிளப் இருக்கும். போரிஸ் பெக்கர், ஸ்டெஃபி கிராஃப் காலத்து அலை அப்போது முழுதாக அடங்கியிருக்கவில்லை. ஜமைக்காவில் ஓட்டப்பந்தயமும் கிரிக்கெட்டும்தான் எல்லாம். டென்னிஸுக்குப் பணமும் கவனமும் மிச்சம் மீதி வந்தால் உண்டு. பொதுக்கோர்ட்டுகளில், கிடைத்த பந்துகளை வைத்துக்கொண்டு வளர்ந்தவர்களின் ஆட்டத்தில் பயிற்சிக்கூடத்தின் அச்சு பதிவதில்லை. பிரவுன் பின்னாளில் ஆடிய ஆட்டத்திலும் அது இல்லை. எங்கிருந்தும் டிராப் ஷாட் (வலையை ஒட்டி மெல்ல விழும் பந்து) போடுவார், இரண்டாவது சர்வையும் முதல் சர்வ் மாதிரி அடிப்பார், பந்துக்காகத் தரையில் பாய்வார்.

2002இல் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். அடுத்த ஆண்டு ஜமைக்காவுக்காக, நாடுகளுக்கிடையிலான அணிப் போட்டியான டேவிஸ் கோப்பையில் ஆடினார். 2004இல் குடும்பம் ஜெர்மனிக்கே திரும்பியது. வேன் வந்தது அப்போதுதான்.

அந்த வேன் ஏன் தேவைப்பட்டது என்று புரிய, கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஆண்கள் டென்னிஸ் மூன்று அடுக்காக இயங்குகிறது. மேலே விம்பிள்டன் போன்ற நான்கு கிராண்ட் ஸ்லாம்களும், தொழில்முறை ஆண்கள் டென்னிஸை நடத்தும் அமைப்பான ஏடிபியின் போட்டிகளும். நடுவில் சேலஞ்சர். கீழே, சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் நடத்தும் ஃபியூச்சர்ஸ் (இன்று இதற்கு வேறு பெயர்). தரவரிசைப் புள்ளி ஒன்றுகூட இல்லாமல் வருகிறவர் கீழ்த்தட்டில்தான் தொடங்க வேண்டும். புள்ளிகள் சேரச் சேர சேலஞ்சரின் கதவு திறக்கும், அப்புறம் கிராண்ட் ஸ்லாம் தகுதிச்சுற்று. ஒவ்வொரு புள்ளிக்கும் ஆயுள் 52 வாரம். போன ஆண்டு இதே வாரத்தில் சேர்த்ததை இந்த ஆண்டு திரும்பச் சேர்க்காவிட்டால் அது கழிந்துவிடும். கால் சுளுக்கிக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்தால் அதுவும் கணக்கில் அடிக்கும்.

பிரவுன் தொடங்கிய காலத்தில் ஃபியூச்சர்ஸின் அடிமட்டப் போட்டிக்கு மொத்தப் பரிசு 10,000 டாலர். ஐந்து ஆட்டம் வென்று கோப்பையைத் தூக்குகிறவருக்கு அதில் சுமார் 1,300 டாலர். முதல் சுற்றில் தோற்றவருக்கு 117 டாலர் சொச்சம். அதிலும் அந்தந்த நாட்டு வரி பிடித்தம் உண்டு. போகவரச் செலவு, அறை வாடகை, சாப்பாடு, மட்டைக்கு நரம்பு கட்டும் கூலி எல்லாம் ஆட்டக்காரர் கையிலிருந்து. சில போட்டிகளில் அமைப்பாளர்களே தங்கும் இடம் கொடுத்தார்கள், அதற்குக் கூடுதல் புள்ளியும் இருந்தது. ஆனால் எல்லா இடத்திலும் அப்படியில்லை.

சம்மேளனமே பின்னர் தன் கீழ்த்தட்டைப் பற்றி விரிவாக ஆய்வு செய்தது. 2013ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் ஆண், பெண் இருபாலரும் சேர்ந்து ஏறத்தாழ 14,000 பேர் தொழில்முறைப் போட்டிகளில் ஆடினார்கள். அவர்களில் சுமார் 6,000 பேருக்கு ஒரு டாலர்கூடப் பரிசு கிடைக்கவில்லை. பயிற்சியாளர் சம்பளத்தைச் சேர்க்காமலே ஓர் ஆணுக்கு ஆண்டுச் செலவு சராசரியாக 38,800 டாலர். வரவும் செலவும் சமமாக, ஆண்களில் 336ஆவது இடத்துக்குள்ளும் பெண்களில் 253ஆவது இடத்துக்குள்ளும் இருக்க வேண்டும். மேலே இருந்த 50 ஆண்களுக்கு மட்டும் ஆண்களின் மொத்தப் பரிசுப் பணத்தில் 60 சதவீதம் போனது.

கால வித்தியாசத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டு இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பட்டத்துக்கு 1,300 டாலர் என்றால், 38,800 டாலர் செலவை ஈடுகட்ட ஓர் ஆண்டில் முப்பது பட்டம் வெல்ல வேண்டும். அப்படி வெல்ல யாராலும் முடியாது. ஆக, கீழ்த்தட்டில் இருக்கிற ஒவ்வொருவரையும் வேறு ஏதோ ஒரு பணம் தாங்கிக்கொண்டிருக்கிறது. வசதியான பெற்றோர், நாட்டின் சங்கம், உள்ளூர் ஸ்பான்சர், கிராண்ட் ஸ்லாம் வருமானத்தில் திளைக்கும் ஒரு கூட்டமைப்பு என்று ஏதாவது ஒன்று. பிரவுனுக்கு இவற்றில் பெரிதாக எதுவும் இல்லை. பெற்றோர் திரட்டிய பணத்தில் வந்த ஒரு வேன் இருந்தது.

அந்த வேன் செய்த வேலையைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். வேனிலேயே படுத்துக்கொண்டதால் அறை வாடகை போயிற்று. அதிலேயே சமைக்க முடிந்ததால் ஹோட்டல் சாப்பாட்டுச் செலவும் குறைந்தது. நரம்பு கட்டும் இயந்திரத்தையும் உள்ளே ஏற்றிக்கொண்டார். தன் மட்டைகளுக்குத் தானே கட்டிக்கொண்டதோடு, போட்டிக்கு வந்த மற்ற ஆட்டக்காரர்களுக்கும் கட்டிக்கொடுத்துக் காசு பார்த்தார். செலவாக இருந்த ஒன்று வருமானமாக மாறியது. வேனில் கூடுதல் படுக்கை இருந்ததால் சில சமயம் சக ஆட்டக்காரர்களும் காசு கொடுத்துத் தங்கிக்கொண்டார்கள்.

இவ்வளவும் நடக்க ஐரோப்பாவின் நில அமைப்பு வேண்டும். ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, இத்தாலி என்று வாரா வாரம், சில நேரம் ஒரே வாரத்தில் பல ஊர்களில், ஃபியூச்சர்ஸ் போட்டிகள் நடக்கும். செவ்வாய்க்கிழமை தோற்றால் வண்டியைக் கிளப்பி அடுத்த ஊருக்குப் போய்விடலாம். விமான டிக்கெட்டை மாற்றவோ தண்டம் கட்டவோ வேண்டாம். மாண்டேகோ பேயில் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியாது. தீவிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு பயணமும் விமானப் பயணம். ஒவ்வொரு தோல்வியும் அப்போது பல மடங்கு விலை உயர்ந்த தோல்வி.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, அதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அம்மா வழியில் பிரவுனுக்கு ஜெர்மன் பாஸ்போர்ட் இருந்தது. ஜமைக்கா பாஸ்போர்ட் மட்டும் வைத்திருப்பவருக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். கிடைத்தாலும் பொதுவாக 180 நாட்களில் 90 நாள்தான் தங்க முடியும். வேன் வாங்கலாம், ஆனால் ஆண்டில் பாதி நாள் அதை ஓட்ட முடியாது. நாட்டுக்கொடி ஜமைக்காவுடையது, பயணம் செய்யும் உரிமை ஜெர்மனியுடையது என்ற விசேஷமான நிலையில்தான் அந்த ஆறு ஆண்டுகள் சாத்தியமாயின. இரண்டு நாட்டுக்கும் சொந்தக்காரரான புலம்பெயர்ந்தவருக்கும், ஒரே ஒரு பலவீனமான பாஸ்போர்ட்டோடு வரும் புலம்பெயர்ந்தவருக்கும் உள்ள வேறுபாடு இது. திறமையையும் உழைப்பையும் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசாவிட்டால் பிரவுனுக்கும் நியாயம் இல்லை, அவரைப் போல முயன்று பாதியில் நின்றுபோன மற்றவர்களுக்கும் நியாயம் இல்லை.

ஜெர்மனியில் இருப்பதால் இன்னொரு வழியும் உண்டு: கிளப் லீக். கோடைக்காலத்தில் ஜெர்மன் கிளப்புகள் தங்களுக்குள் மோதும் பந்தயத்துக்கு, முந்நூறாவது, நானூறாவது இடத்தில் இருப்பவர்களையும் பணம் கொடுத்து அழைப்பார்கள். அந்த வெற்றிகளுக்குத் தரவரிசைப் புள்ளி கிடையாது, ஆனால் ஒரு வார இறுதியில் கிடைக்கும் தொகை ஃபியூச்சர்ஸ் பரிசைவிட நம்பகமானது. பிரான்ஸிலும் ஆஸ்திரியாவிலும் இதே மாதிரி உண்டு. உலகின் பல மூலைகளிலிருந்து வரும் கீழ்த்தட்டு ஆட்டக்காரர்கள் கோடையில் ஜெர்மனியில் வந்து தங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பலன் உடனே வரவில்லை. ஆண்டுகள் ஓடின. 2009இல் உஸ்பெகிஸ்தானின் சமர்கண்டில் ஒரு சேலஞ்சர் பட்டம் வென்றார். 2010இல் ஜோகன்னஸ்பர்க்கில் இன்னொன்று. அந்த ஆண்டே முதல் நூறுக்குள் நுழைந்தார். நம்பர் பிளேட்டில் எழுதியது நடந்துவிட்டது. 2010 யுஎஸ் ஓபனில் முதல் சுற்றை வென்று, இரண்டாவது சுற்றில் ஆண்டி மர்ரியிடம் தோற்றார். ஆடியது ஜமைக்கா கொடியின் கீழ்.

கொடி மாறியது அதன் பிறகு. ஜமைக்கா டென்னிஸ் சங்கம் தனக்குத் துணை நிற்கவில்லை என்ற மனக்குறையை பிரவுன் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். அப்பா வழிப் பாட்டி மூலம் பிரிட்டனுக்கு ஆடும் வாய்ப்பும் இருந்தது, அதைப் பற்றிப் பேச்சும் நடந்தது. கடைசியில் 2010இன் பிற்பகுதியில் பிறந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தார். இதை நன்றிகெட்டதனம் என்றும் சந்தர்ப்பவாதம் என்றும் சொன்னவர்கள் இருந்தார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. டென்னிஸில் கொடி என்பது உணர்ச்சி மட்டும் அல்ல, அது நேரடியாகப் பணம். கிராண்ட் ஸ்லாம் நடத்தும் நான்கு நாடுகளும் வைல்டு கார்டுகளில் (தரவரிசை பார்க்காமல் அமைப்பாளர்கள் கொடுக்கும் இடங்களில்) பெரும்பகுதியைத் தங்கள் ஆட்டக்காரர்களுக்கே கொடுக்கின்றன. ஜெர்மனியில் கிராண்ட் ஸ்லாம் இல்லாவிட்டாலும் ஹாலே, மியூனிக், ஸ்டுட்கார்ட், ஹாம்பர்க் என்று ஏடிபி போட்டிகளும், நிறைய சேலஞ்சர்களும் இருக்கின்றன. ஜமைக்காவுக்கு அந்தச் சொத்து எதுவும் இல்லை. ஒரு சிறிய நாடு தன் வீரருக்குக் கொடுக்க முடியாததை இன்னொரு நாடு கொடுக்கும்போது அவர் போனால், கேள்வி கேட்க வேண்டியது அமைப்பைத்தான்.

அதற்கும் மேலே போவோம். 2013 விம்பிள்டனில் தகுதிச்சுற்று வழியாக வந்து, 189ஆவது இடத்தில் இருந்தபோது, முன்னாள் சாம்பியன் லேட்டன் ஹியூவிட்டை நான்கு செட்டில் வென்றார். 2014இல் ஹாலேயின் புல்தரையில் நடாலை 6-4, 6-1 என்று தோற்கடித்தார். அடுத்த ஆண்டு விம்பிள்டன். லண்டனின் ரோஹாம்ப்டனில் நடக்கும் தகுதிச்சுற்றில், பெரிய பார்வையாளர் மாடம் எதுவும் இல்லாத ஆடுகளங்களில், மூன்று ஆட்டம் வென்று உள்ளே வந்தார். தரவரிசை 102. ஜூலை 2 அன்று சென்டர் கோர்ட்டில் முதன்முதலாகக் கால்வைத்து நடாலை 7-5, 3-6, 6-4, 6-4 என்று வென்றார். நடாலுக்கு எந்த இடத்திலும் தாளம் கிடைக்கவில்லை. நீண்ட பரிமாற்றங்களில் எதிராளியைக் களைக்க வைப்பதில் நடாலுக்கு நிகர் இல்லை, ஆனால் பிரவுன் நீண்ட பரிமாற்றத்துக்கே இடம் தரவில்லை. சர்வ் அடித்ததும் வலைக்கு ஓடினார், திடீரென்று டிராப் ஷாட், அடுத்த பந்து முழு வேகத்தில். நடாலோடு மோதிய இரண்டு முறையும் வென்றவர் என்ற கணக்கோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை நின்றது.

அடுத்த சுற்றில் விக்டர் ட்ரொய்ச்கியிடம் தோற்றார். மூன்றாவது சுற்றில் தோற்றவருக்கு அந்த ஆண்டு 77,000 பவுண்டு, வரிக்கு முன். அன்றைய மாற்று விலையில் ஏறத்தாழ 1,20,000 டாலர். அவர் வேனில் சுற்றிய காலத்து ஃபியூச்சர்ஸ் பட்டத்தால் வகுத்தால் தொண்ணூறு பட்டத்துக்கும் மேல். இரண்டு வாரத்தில், தகுதிச்சுற்றையும் சேர்த்து, ஐந்து வெற்றி. இந்த இடைவெளியைப் பார்த்த பிறகு, மேல்தட்டில் ஆடும் ஆட்டம் கீழ்த்தட்டு ஆட்டத்தைவிடத் தொண்ணூறு மடங்கு சிறந்தது என்று யாராவது சொல்வார்களா? முன்னூறாவது இடத்துக்காரர் ஒரு நல்ல நாளில் ஐம்பதாவது இடத்துக்காரரை வெல்வது டென்னிஸில் அதிசயம் இல்லை. ஆட்டத்தில் உள்ள வித்தியாசம் சிறியது, பணத்தில் உள்ள வித்தியாசம் பெரியது.

நடாலை வென்றதால் வாழ்க்கை மாறிவிட்டது என்ற எண்ணமும் தவறு. புள்ளிக் கணக்கில் மூன்றாவது சுற்றுக்கு 90, தகுதி பெற்றதற்கு 25. மொத்தம் 115 புள்ளி. அதுவும் 52 வாரத்தில் காலாவதியாகிவிடும். பிரவுன் திரும்ப சேலஞ்சர் ஊர்களுக்குப் போனார். செப்டம்பரில் ஜெர்மனிக்காக டேவிஸ் கோப்பையில் ஆடினார். 2016 அக்டோபரில் 64ஆவது இடம் வந்தது, அதுதான் உச்சம். இரட்டையரில் 43 வரை போனார், இரண்டு ஏடிபி பட்டங்களும் உண்டு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் முதல் செட்டை வென்று ஆடிக்கொண்டிருக்கும்போது கணுக்கால் பிசகி வெளியேற வேண்டியதாயிற்று. காயங்கள் தொடர்ந்தன, தரவரிசை இறங்கியது. 2024ஐத் தன் கடைசிப் பருவமாக அறிவித்தார்.

நமக்குத் தெரிந்த ஒருவரிடமும் இதே கதை இருக்கிறது. 2023 செப்டம்பரில், இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் ஆட்டக்காரரான சுமித் நாகல், தன் வங்கிக் கணக்கில் மிச்சம் இருப்பது 900 யூரோ என்று பிடிஐ செய்தி நிறுவனத்திடம் சொன்னார். பரிசுப் பணம், இந்தியன் ஆயில் சம்பளம், அறக்கட்டளை உதவி எல்லாவற்றையும் ஆட்டத்திலேயே போட்டு முடிந்த நிலை அது. அவர் பயிற்சி பெற்றது ஜெர்மனியில் பைனே என்ற ஊரில். பிரவுன் பிறந்த செல்லேயும் அந்த வட்டாரம்தான். நாகலைப் போன்ற ஓர் இந்தியருக்கு அங்கே வேன் வாழ்க்கை எளிதில் கைகூடாது. ஷெங்கன் விசாவில் மட்டும் வருகிற இந்தியர் அங்கே நாட்களை எண்ணிக்கொண்டுதான் இருக்க வேண்டும். நான்கே மாதத்தில், 2024 ஆஸ்திரேலிய ஓபன் முதல் சுற்றில் அலெக்சாண்டர் பப்ளிக்கை வென்றதும் அவர் கைக்கு 1,80,000 ஆஸ்திரேலிய டாலர் உறுதியானது. பிப்ரவரியில் சென்னை நுங்கம்பாக்கத்தில் சேலஞ்சர் பட்டத்தை வென்று முதல் நூறுக்குள் நுழைந்தார். அந்த ஆட்டத்தைப் பார்த்துக் கைதட்டிய நம்மில் எத்தனை பேருக்கு, அந்த 900 யூரோ இன்னும் இரண்டு மாதம் முன்னதாகத் தீர்ந்திருந்தால் அவர் ஆஸ்திரேலியாவுக்கே போயிருக்க முடியாது என்று தோன்றியிருக்கும்?

பணம் இல்லாத இடத்தில் வேறு பணம் நுழையும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கீழ்த்தட்டுப் போட்டிகளின் நேரடி ஸ்கோர் தகவலைச் சம்மேளனம் சூதாட்டத் தகவல் நிறுவனத்துக்கு விற்றது. ஆள் இல்லாத கோர்ட்டில் நடக்கும் ஆட்டத்தின்மீதும் உலகெங்கும் பந்தயம் கட்ட அதனால் வழி பிறந்தது. முதல் சுற்றில் நூறு டாலர் வாங்கும் இளைஞனிடம், ஒரு செட்டை விட்டுக்கொடு, பல ஆயிரம் தருகிறோம் என்று ஆள் வருகிறான். 2018இல் வெளிவந்த சுயேச்சை விசாரணைக் குழுவின் அறிக்கை இந்த மட்டத்தில் பிரச்சினை மிகப் பெரியது என்று பதிவு செய்தது. விட்டுக்கொடுத்தவர்களுக்குத் தடை விதிக்கிறார்கள். சரிதான். ஆனால் அந்த நூறு டாலர் பல ஆண்டுகள் நூறு டாலராகவே இருந்தது.

மாற்றம் எதுவும் இல்லை என்று சொல்ல முடியாது. 10,000 டாலர் போட்டிகள் 2017இல் 15,000 ஆயின. வெல்கிறவருக்கு இப்போது 2,160 டாலர், முதல் சுற்றில் தோற்றவருக்கு 156. ஏடிபி 2024இல் குறைந்தபட்ச வருமானத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தொடங்கிய ஆண்டின் கணக்கு இது: முதல் 100 பேருக்கு ஆண்டுக்கு 3,00,000 டாலர், 101 முதல் 175 வரை 1,50,000, 176 முதல் 250 வரை 75,000. பரிசுப் பணம் இதைவிடக் குறைந்தால் மீதியை ஏடிபி போட்டுத் தரும். காயத்தால் ஆட முடியாதவர்களுக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. மனதார வரவேற்க வேண்டிய ஏற்பாடு இது.

ஆனால் அது 250இல் நின்றுவிடுகிறது. செலவுக்கு வரவு சமமாகும் கோடு 336 என்று சம்மேளனத்தின் ஆய்வே சொன்னது. நஷ்டத்தில் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறார்கள். வேன் காலத்தில் பிரவுன் பெரும்பாலும் 250க்கு வெளியேதான் இருந்தார். இந்தத் திட்டம் 2005இலேயே இருந்திருந்தாலும் அந்த ஆண்டுகளில் பெரும்பாலும் அவருக்கு அதிலிருந்து ஒரு டாலரும் வந்திருக்காது. என்னைக் கேட்டால், அடுத்து செய்ய வேண்டியது பரிசுத் தொகையை இன்னும் கொஞ்சம் ஏற்றுவதைவிட, 15,000 டாலர் போட்டிகளின் முதன்மைச் சுற்றில் ஆடும் 32 பேருக்கும் தோற்கும் நாள் வரை தங்க அறையும், நரம்பு கட்டக் கூலியும் போட்டிச் செலவிலேயே கொடுப்பது. சேலஞ்சரில் அறை கொடுப்பது ஏற்கெனவே வழக்கத்தில் உள்ளது. கிராண்ட் ஸ்லாம்களின் வருமானத்தில் ஒரு சிறு பங்கை இறக்கினால் கீழேயும் அதைச் செய்துவிடலாம்.